கையெழுத்து வாங்கிய பிறகு

மூளை ஆய்வுக்கூடத்தில் என் வேலையில் பெரும்பகுதி பேச்சுதான். ஆய்வுக்கு வருபவருக்குப் படிவத்தை விளக்குவேன், உடம்பில் உலோகம் ஏதும் வைத்திருக்கிறார்களா என்று கேட்பேன், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அனுப்பும் முன் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பேன். அமுக்கினால் எங்கள் பக்கம் மணி அடிக்கும், ஸ்கேனை நிறுத்திவிடுவோம்.

பலர் அதை அமுக்குவதே இல்லை. வெளியே வந்தபின், "நடுவில் மூச்சு முட்டியது, உங்கள் வேலை கெட்டுவிடுமே என்று பொறுத்துக்கொண்டேன்" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் சோதனைதான் நினைவுக்கு வரும். 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கியது. ஆய்வாளர் சொன்னபடி அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிய 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அதிர்ச்சி போலி. ஆனால் அவர்கள் வியர்த்ததும் நடுங்கியதும் நிஜம். என்ன நடந்தாலும் ஆய்வுக்கு வந்ததற்கான பணம் உங்களுக்குத்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியும் பாதியில் எழுந்து போக அத்தனை பேருக்கு முடியவில்லை.

ஆய்வாளர் சொல்லுக்கு மனிதர் இவ்வளவு கட்டுப்படுவார் என்று தெரிந்த பிறகு, அதே ஆய்வாளர் பேனாவை நீட்டி வாங்கும் கையெழுத்தை எப்படி முழுச் சம்மதம் என்பது? மனிதர்கள் மீது செய்யும் சோதனைகளுக்காக வகுத்த 1947-இன் நியூரம்பெர்க் நெறிகள் தன்விருப்பச் சம்மதத்தை முதலில் வைத்தன. சோதனை நடக்கும்போதே அதை நிறுத்திக்கொள்ளும் உரிமையை ஒன்பதாவதாகத் தனியே வைத்தன. என் அனுபவத்தில் முதலாவதைவிட ஒன்பதாவதைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

அதனால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இன்டர்காமில் கேட்கிறோம். "நன்றாக இருக்கிறீர்களா?" என்றால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "இத்தோடு நிறுத்திக்கொள்வோமா, அடுத்ததையும் எடுக்கட்டுமா?" என்றால் சிலர் நிறுத்தச் சொல்கிறார்கள். தரவு போகும், போகட்டும்.

நினைவே இல்லாதவரிடம் இதை எப்படிக் கேட்பது? ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்புக்காக நடந்த மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவுகள் தங்கவில்லை. 2008-இல் இறக்கும்வரை அவரை ஆய்வு செய்தார்கள். நினைவைப் பற்றி நாம் அறிந்ததில் நிறைய அவர் தந்தது. ஆனால் தான் கொடுத்த சம்மதம் சிறிது நேரத்தில் அவருக்கே நினைவிருக்காது.

மறதி நோயுள்ளவர்கள் எங்களிடமும் வருகிறார்கள், குடும்பத்தார் கையெழுத்திடுகிறார்கள். மகன் கையெழுத்திட்டிருந்தாலும் அம்மா தலையை ஆட்டி மறுத்தால் நான் ஸ்கேன் எடுப்பதில்லை. இதை எல்லா ஆய்வுகளுக்கும் விதியாக்கும்படி நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.