எல்லாவற்றையும் வீழ்த்திய மூன்றாவது ஓ.என்.யூ.

ஒரு வழியாகக் காரணம் அகப்பட்டுவிட்டது. ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள் நான் கட்டிவரும் சிறிய ஜிபொன் (GPON, ஒரே ஒளியிழையைப் பல வீடுகள் பகிரும் முறை) வலையமைப்பில் மூன்றாவது ஓ.என்.யூ.வை, அதாவது வீட்டு முனையில் இருக்கும் பெட்டியை, இணைத்தால், முதலில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பத்து நிமிடமளவில் மூன்றும், அவற்றை ஆளும் தலைமைப் பெட்டியான ஓ.எல்.டி.யின் பட்டியலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விழும். மூன்றாவதைக் கழற்றிவிட்டால் மற்றவை இரண்டும் தாமாகவே எழும்பிவிடும். பல இரவுகளைத் தின்ற இந்தக் கோளாறுக்குக் கேபிளும் காரணமல்ல, ஒளியைப் பல கிளைகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் காரணமல்ல. தன் முறை வராத நேரத்திலும் ஒளியை உமிழ்ந்துகொண்டிருந்த அந்தப் பழைய ஓ.என்.யூ.தான் காரணம்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது மனைவியின் சீதன வீட்டில். மச்சாள்மார் இருவரின் வீடுகளும் அதே பழைய வளவிலேயே அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்று வீட்டையும் முன்பு செப்புக் கேபிளால் இணைத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சுவிட்சின் போட்கள் (கேபிள் செருகும் வாய்கள்) கருகிப்போவது வழக்கமாகிவிட்டதால் பைபருக்கு, அதாவது ஒளியிழைக்கு, மாறினேன். எனது ஓ.எல்.டி. நான்கு போட்களைக் கொண்ட சிறிய பெட்டி. அதில் ஒளியை அனுப்பி வாங்கும் பி பிளஸ் (B+) வகை மொடியூல் ஒன்று மட்டும் இருக்கிறது. மொடியூலின் வாய் நீல யூ.பி.சி. (சாய்வில்லாத முனை), ஓ.என்.யூ.க்களின் வாய் பச்சை ஏ.பி.சி. (சாய்வாகத் தீட்டிய முனை) என்பதால், ஒரு முனை நீலமும் மறுமுனை பச்சையுமான பெச் கோட்டை (குட்டை இணைப்புக் கேபிளை) முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். பி பிளஸ் வகைக்கு வழியில் குறைந்தது 13 டெசிபெல் இழப்பு இருக்க வேண்டும். 28 வரை தாங்கும். நூறு மீற்றருக்கும் குறைந்த எங்கள் கேபிளில் இழப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஒன்றுக்கு எட்டு ஸ்பிளிட்டர் தனியே தருவது ஏறத்தாழ பத்தரை டெசிபெல்தான். ஓ.என்.யூ.வின் கண், அதாவது ஒளியை வாங்கும் உணரி, மைனஸ் 8 டி.பி.எம்.இற்கு (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) மேற்பட்ட ஒளியைத் தாங்காது என்பதால், ஒன்றுக்கு இரண்டு ஸ்பிளிட்டர் ஒன்றை முன்னால் போட்டேன். இப்போது ஓ.எல்.டி.யில் பிளஸ் 3.1 ஆக இருக்கும் 1490 நனோமீற்றர் ஒளி, வீட்டு முனையில் மைனஸ் 11.4 ஆக வந்து சேர்கிறது. கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசமே இல்லை என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இனி விடயத்துக்கு வருகிறேன். மூன்றும் விழுந்து கிடக்கும்போது நல்ல ஓ.என்.யூ.க்களின் முகப்பைப் பார்த்தால், ஒளி வராததைக் காட்டும் லொஸ் (LOS) விளக்கு எரியாது, ஓ.எல்.டி.யுடனான இணைப்பைக் காட்டும் பொன் (PON) விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னும். ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீற்றரை அந்த முனையில் வைத்தால் அதே மைனஸ் 11.4. அதாவது கீழ்நோக்கிய ஒளி ஒரு குறையுமில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. கொனெக்டர், வளைவு, ஸ்பிளிட்டர் என்று நாம் வழக்கமாகச் சந்தேகிக்கும் எதுவும் பழுதானால் இந்த எண்தான் முதலில் இறங்கும். அது அசையவில்லை என்றால், கோளாறு 1310 நனோமீற்றரில் மேல்நோக்கிப் போகும் பாதையில்தான் இருக்க வேண்டும்.

மேல்நோக்கிய பாதைதான் ஜிபொன்னின் சிக்கலான பகுதி. கீழ்நோக்கி ஓ.எல்.டி. ஒன்று மட்டுமே விநாடிக்கு 2.488 கிகாபிட் வேகத்தில் பேசுகிறது. எல்லோருக்கும் எல்லாமே போகிறது. அவரவர் தமக்குரியதை எடுத்துக்கொள்கிறார்கள். மேல்நோக்கியோ எல்லா ஓ.என்.யூ.க்களும் ஒரே இழையில் ஒரே அலைநீளத்தில் 1.244 கிகாபிட் வேகத்தில் பேச வேண்டும். ஆகையால் 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை வரும் ஒவ்வொரு தரவுச் சட்டத்திலும் (frame), யார் எப்போது தொடங்கி எப்போது நிறுத்த வேண்டும் என்று ஓ.எல்.டி. நேரம் குறித்துக் கொடுக்கிறது. அந்த வேகத்தில் ஒரு பிட் இழைக்குள் பிடிக்கும் நீளம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர்தான் என்பதால், தனக்கும் ஒவ்வொரு ஓ.என்.யூ.வுக்கும் இடையிலான தூரத்தை ஓ.எல்.டி. ஒளி போய்வரும் நேரத்தால் அளந்து, அருகிலிருப்பவரை அதற்கேற்பக் காத்திருக்க வைக்கிறது. 20 கிலோமீற்றர் போய்வர ஏறத்தாழ 200 மைக்ரோ விநாடி ஆகும். எங்கள் வளவிலோ ஒரு மைக்ரோ விநாடிகூட ஆகாது. ஆனாலும் இந்த ஒழுங்கு ஒன்றுதான். குறித்த நேரம் முடிந்ததும் லேசர் முற்றாக அணைந்துவிட வேண்டும். அணையாத ஒன்று இருந்தால், கூட்டத்தில் ஒலிவாங்கியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பேச்சாளரைப் போல் எல்லோரையும் அது ஊமையாக்கிவிடுகிறது. ஓ.எல்.டி.யின் கண் ஒவ்வொரு துண்டு ஒளிக்கும் புதிதாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது. பின்னணியில் அதே பலமுள்ள ஒளி நிலையாக விழுந்துகொண்டிருந்தால் எந்தத் துண்டையும் அதனால் பிரித்தறிய முடியாது.

பெரிய நிறுவனங்களின் ஓ.எல்.டி.க்களில் இப்படிப்பட்ட அடங்காத ஓ.என்.யூ.வைத் தேடிப்பிடிக்கும் வசதி உண்டு. யாருக்கும் ஒதுக்காத நேரத்தில் ஒளி வருகிறதா என்று அவை பார்க்கும். எனது பெட்டியில் அது இல்லை. அளக்கலாம் என்றால், கையில் இருப்பது சாதாரண பவர் மீற்றர். பொன் (PON) வலையமைப்புக்கென்று உள்ள மீற்றர் நடுவில் நின்று ஒளியைக் கடந்துபோகவும் விட்டு, இரு திசையையும் தனித்தனியே அளக்கும். துண்டு ஒளியின் உச்சத்தையும் சரியாகக் காட்டும். அதன் விலையைக் கேட்டபின் மனைவியிடம் அதைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

ஆனால் சாதாரண மீற்றரின் குறையே இங்கே கைகொடுத்தது. நல்ல ஓ.என்.யூ. ஒன்றைத் தனியே மின் கொடுத்து, அதன் வாயில் இந்த மீற்றரை நேரடியாக மாட்டினால் ஒன்றுமே காட்டாது. கீழ்நோக்கிய ஒளி கிடைத்து, ஓ.எல்.டி. அனுமதி தரும்வரை அதன் லேசர் எரியாது என்பதே காரணம். புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருபவர்கள் பலர் இதைக் கண்டு, லேசர் செத்துவிட்டது என்று நல்ல பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படியானால், தனியே நிற்கும் ஓ.என்.யூ. ஒன்றில் மீற்றர் எதையாவது காட்டினால் அதுதான் குற்றவாளி. மூன்றையும் ஒவ்வொன்றாக மீற்றரில் மாட்டி, 1310இல் வைத்துக் காத்திருந்தேன். முதல் இரண்டும் நெடுநேரம் இருளாகவே இருந்தன. மூன்றாவதும் தொடக்கத்தில் இருளாகவே இருந்தது. பெட்டியின் முதுகு கையில் சுடத் தொடங்கிய பிறகு மீற்றர் திடீரென்று பிளஸ் 1.7 டி.பி.எம். என்று காட்டி, அங்கேயே நிலையாக நின்றுவிட்டது. மின்விசிறியின் காற்றை அதன் மேல் விட்டால் மீண்டும் இருள். விசிறியை நிறுத்தினால் மீண்டும் 1.7. லேசரை அணைக்க வேண்டிய சுற்று சூடேறியதும் கைவிட்டுவிடுகிறது என்றே இதை நான் விளங்கிக்கொள்கிறேன். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால், மீற்றரைத் தவிர வேறு எதையும் அந்த வாய்க்கு நேரே கொண்டுபோக வேண்டாம்.

அதுவரை போட்டை மாற்றியும் பெச் கோட்டை மாற்றியும் பார்த்தபோதெல்லாம் ஒவ்வொரு மாற்றமும் பத்து நிமிடத்துக்குப் பலன் தந்தது போலவே தோன்றியதன் இரகசியமும் இதுதான். கழற்றி மாட்டும் இடைவெளியில் பெட்டி ஆறிவிடுகிறது. விற்றவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "டெஸ்ட் பண்ணித்தானே தம்பி அனுப்பினோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை; குளிரூட்டிய கடையில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால் அது தங்கமான பெட்டிதான். ஆனாலும் மாற்றித் தர முடியாது என்று சொன்னதை நான் மன்னிக்கப்போவதில்லை.

பொருட்கள் பற்றி இரண்டு வார்த்தை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி உதயதேவி ரயிலில் கொண்டுவருவதுதான் எனக்கு இன்னமும் வசதி. கையில் எடுத்துப் பார்க்கலாம். வீட்டுக்குள் இழுக்கும் டிராப் கேபிள் வாங்கும்போது தாங்கு கம்பி உருக்கா, இழைக்கண்ணாடிக் கோலா என்று கேளுங்கள். இடிக்குப் பயந்து பைபருக்கு வந்துவிட்டு, உருக்குக் கம்பியை வீட்டுச் சுவருக்குள்வரை இழுத்துவருவதில் அர்த்தமில்லை. கேபிள் முனையைத் துடைப்பதற்கு ஐசோப்புரோபைல் அற்ககோல்தான் வேண்டும். மருந்துக் கடையின் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், அது முனையில் படலமாகத் தங்கிவிடும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் எங்கள் மணல் ஊரில் தூசிமூடியைக் கழற்றி மேசையில் வைப்பதுகூட எனக்குப் பிடிக்காது. பச்சை முனையின் 8 பாகைச் சாய்வில் ஒரு மணல் துணிக்கை அகப்பட்டு நசுங்கினால், எதிர்முனையும் சேர்ந்து கீறப்படும்.

மூன்றாவது வீட்டுக்குரிய இடம் இன்னமும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அங்கே வேறொரு ஓ.என்.யூ. வந்து சேர வேண்டும். அதற்குள், ஜிபொன்னைவிட வேகமான எக்ஸ்.ஜி.எஸ். பொன் (XGS-PON) மொடியூல் ஒன்றை விலை கேட்டுவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது கீழ்நோக்கி 1577, மேல்நோக்கி 1270 நனோமீற்றரைப் பயன்படுத்துவதால், இப்போதைய ஜிபொன்னுடன் ஒரே இழையில், ஒரே ஸ்பிளிட்டர்களின் ஊடாகவே ஓடும். இடையில் ஒரு அலைநீள இணைப்பி மட்டும் போதும். வளவுக்கு அப்பால் வீதியைக் கடந்து கேபிள் இழுக்கும் எண்ணம் இல்லை, அது உரிமப் பத்திர விவகாரம். சகலன் தனது மாட்டுக்கொட்டிலில் கமெரா ஒன்று வைக்கக் கேட்கிறார். எட்டு வழி ஸ்பிளிட்டரில் அதற்கு இடம் தாராளமாக உண்டு. இந்த முறை புதிய பெட்டி எதுவாக இருந்தாலும், ஸ்பிளிட்டருக்குப் போகுமுன் மீற்றரின் முன்னால் ஒரு மணித்தியாலம் சூடாகக் கிடக்கும்.