பனியில் சால் பிடித்தல்: மூன்றாவது பனிக்காலக் குறிப்பு

ஸ்நோபோர்டில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், இரண்டு பனிக்காலமாக எனக்கு வராத குதிகால் பக்கத் திருப்பம் (குதிகால் பக்கமாகச் சாய்ந்து வளைவது) இந்தப் பிப்ரவரியில் வந்துவிட்டது. ஒன்றல்ல, தொடர்ந்து ஏழு. ஆறு நாள் பனிக்காக வருடம் முழுவதும் காத்திருக்கும் எங்களைப் போன்ற சிங்கப்பூர்க்காரர்களுக்கு உதவும் என்று நினைத்து, என்னென்ன மாற்றினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் ஓட்டுவது ஆல்பைன் ஸ்நோபோர்டு. அகலம் குறைந்த, விறைப்பான பலகை. கால்களில் ஸ்கீ பூட் போன்ற கெட்டியான ஹார்டு பூட், அதைப் பிடித்துக்கொள்ள உலோகத் தகடு பைண்டிங். வித்தை காட்டவோ குதிக்கவோ இது ஏற்றதல்ல. பலகையை ஓரத்தில் நிறுத்தி, பனியை அறுத்துக்கொண்டு வளைந்து போவதற்கென்றே செய்தது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் செக் வீராங்கனை எஸ்தர் லெடெக்கா ஸ்கீயில் ஒரு தங்கம், ஒரு வாரம் கழித்து ஆல்பைன் ஸ்நோபோர்டில் இன்னொரு தங்கம் வாங்கியதைப் பார்த்த பிறகுதான் இப்படி ஒரு பலகை இருப்பதே எனக்குத் தெரிந்தது.

எங்கள் குழு ஐந்து பேர். ஐம்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர், அவருடைய தங்கை, என் மச்சான், அவனோடு வேலை செய்யும் நண்பர், நான். எங்களுக்குள் இரண்டு சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன: சால், பெருக்கல். கலப்பை உழுத கோடு மாதிரி பனியில் மெல்லிய, ஆழமான ஒற்றைத் தடம் விழுந்தால் அது சால். துடைப்பத்தால் தள்ளியது மாதிரி அகலமாகத் தேய்ந்திருந்தால் பெருக்கல். சால் என்ற பெயரை வைத்தது அண்ணன். தஞ்சாவூர்ப் பக்கம் வயல் பார்த்து வளர்ந்தவர். பலகை சறுக்காமல் தன் ஓரத்தின் வளைவிலேயே போனால் மட்டும்தான் சால் விழும். கார்விங் என்பது அவ்வளவுதான், ஆனால் அதற்குத்தான் எனக்கு இரண்டு பனிக்காலம் போனது.

முதலில் பூட். வெளியில் போடும் காலணி அளவை வைத்து ஒரு கடையில் வாங்கிய என் முதல் ஹார்டு பூட் ஓர் அளவுக்கு மேல் பெரிது. நடக்கும்போது சுகமாக இருந்தது, அதனால் சரி என்று நம்பிவிட்டேன். ஓட்டும்போது குதிகால் உள்ளே மேலெழும்பியது. நான் காலைச் சாய்த்தால், அந்த இடைவெளி நிரம்பிய பிறகுதான் பலகைக்குச் சேதி போகும். அதற்குள் திருப்பம் பாதி முடிந்திருக்கும். இந்த முறை வெறுங்காலைச் சுவரோடு ஒட்டி வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை சென்டிமீட்டரில் அளந்தேன். 26.5 வந்தது, அதே அளவில் வாங்கினேன். உள்ளுறையைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்குப் படியவைத்தார்கள். முதல் அரை மணி நேரம் இறுக்கமாகத்தான் இருந்தது. குதிகால் அசையவில்லை. இந்த விளையாட்டில் ஒரே ஒரு பொருளுக்குச் செலவழிக்க முடியும் என்றால், பலகையை விட்டுவிட்டு பூட்டுக்கே கொடுங்கள் என்பேன்.

அடுத்தது பைண்டிங் கோணம், அதாவது பாதம் பலகையின் குறுக்கே இல்லாமல் அதன் முன்நுனியை நோக்கி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது. என் பலகை 168 சென்டிமீட்டர் நீளம், நடு அகலம் 20 சென்டிமீட்டர். போன வருடம் முன்கால் 50 டிகிரியில் இருந்தது. சாய்வு கூடியதும் பூட்டின் நுனி பனியில் உரசி, ஓரத்தையே தூக்கிவிட்டது. தோள்பட்டை அடிபட்டு இரண்டு நாள் ஓட்ட முடியவில்லை. நவம்பரில் பலகையை வீட்டுக் கூடத்தில் போட்டு, பூட்டை மாட்டி, அடிமட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தேன். விரல் பக்கத்தில் ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முன்காலை 60க்கும் பின்காலை 57க்கும் திருப்பினேன். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் ஓரத்தோடு சமமாக வரும்வரை பைண்டிங்கை நகர்த்தினேன். முன் பைண்டிங்கில் விரல் பக்கம் மூன்று டிகிரி உயரம், பின்னதில் குதிகால் பக்கம் மூன்று டிகிரி. அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி, தரையில கீறல் விழாம பாத்துக்கோப்பா" என்றார். கீழே பழைய கம்பளி விரித்திருந்தேன்.

பனி இல்லாத பதினொரு மாதம் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். வாரம் ஒரு காலை கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் சர்ஃப் ஸ்கேட் என்ற சக்கரப் பலகை ஓட்டினேன். அது கண்ணையும் தோளையும் பழக்கும்: பார்வை போகும் இடத்துக்குத்தான் உடம்பு போகும். ஆனால் சாய்ந்து காத்திருப்பதை அது கற்றுத்தராது. அதன் முன்சக்கரம் உடனே திரும்பிவிடும், பனிப்பலகை திரும்பாது. அதனால் அதிலேயே மணிக்கணக்கில் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. எனக்கு அதிகம் உதவியது எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டு. மின்தூக்கியில் ஏறி, பன்னிரண்டு மாடியையும் மெதுவாக, முழங்காலை மடக்கி ஒவ்வொரு படியாக இறங்குவேன். திருப்பத்தின் கடைசியில் தொடை தாங்க வேண்டிய பாரம் இந்த இறங்கும் பாரம்தான்.

நம் ஊரின் ஈரக்காற்று பலகைக்குப் பகை. ஒரே மாதத்தில் ஓரத்து இரும்பில் துரு ஏறும். பயணம் முடிந்து வந்ததும் துடைத்துக் காயவைத்து, அடிப்பக்கத்தோடு ஓரங்களுக்கும் சேர்த்துத் தடிப்பாக மெழுகு உருக்கி விட்டுவிடுங்கள். சுரண்டுவது அடுத்த பயணத்துக்கு முன்னால் போதும். பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிடாதீர்கள். பூட்டின் உள்ளுறையைத் தனியே கழற்றி, ஈரம் உறிஞ்சும் டப்பாவோடு அலமாரியில் வையுங்கள். அண்ணனின் தங்கை கழற்றாமல் வைத்து, பூஞ்சணம் பிடித்து, புது உள்ளுறை வாங்க வேண்டியதாயிற்று.

சரி, பயணத்துக்கு வருகிறேன். தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்துக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். பலகைகளை அங்கேயே தக்யூபின் என்ற பொதி அனுப்பும் சேவையில் விடுதிக்கு அனுப்பிவிட்டு, கைப்பையோடு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நகானோ போய் ஓரிரவு தங்கினோம். மறுநாள் பேருந்தில் ஷிகா கோகென் என்ற பனிச்சறுக்கு மலைப்பகுதிக்கு ஏறினோம், பலகைகளும் வந்து சேர்ந்தன. இந்த ஊரை விடாப்பிடியாகத் தேர்ந்தெடுத்தவன் நான். ஸ்நோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1998 நகானோவில். அதன் ஜயன்ட் ஸ்லாலம் போட்டி, அதாவது நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் போட்டி, நடந்தது இங்கே, யாகெபிதாயாமா மலையில். அந்தச் சரிவில் நிற்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

முதல் நாள் நல்ல பனிப்பொழிவு. எல்லாரும் மகிழ்ந்தார்கள், ஆனால் எங்கள் பலகைக்கு மிருதுவான பனி ஆகாது, ஓரம் பிடிக்க ஒன்றும் இருக்காது. இரண்டாம் நாள் வானம் வெளுத்தது. இரவில் இயந்திரம் சமன்செய்து, சீப்பால் வாரியதுபோல வரிவரியாக இறுகிய பனி. முதல் லிஃப்டிலேயே ஏறிவிட்டோம். கூட்டம் வருவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் வகுப்பு. வேறு சரிவு தேடி அலையாமல், சாய்வு குறைந்த ஒரே அகலமான சரிவில் திரும்பத் திரும்ப இறங்கினோம்.

கார்விங்கில் நாம் சரிவின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறோம். மேலிருந்து வருபவருக்கு நாம் எந்தப் பக்கம் போவோம் என்று தெரியாது. அதனால் ஒருவர் இறங்கி ஓரமாக நின்ற பிறகே அடுத்தவர். கிளம்புமுன் மேலே ஒரு பார்வை. இதில் அண்ணன் கண்டிப்பானவர், அந்தக் கண்டிப்புக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

இப்படி இறங்கியதில் இன்னொரு பயன். ஒருவர் போட்ட தடத்தை மற்றவர் அழியுமுன் பார்க்க முடிந்தது. அண்ணன் என் தடத்தின் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

"தம்பி, விரல் பக்கம் நல்ல சால். குதிகால் பக்கம் தொடங்கும்போதே பெருக்கியிருக்கே."

"கடைசியிலதான் வழுக்குதுன்னு நெனச்சேன் அண்ணே."

"இல்லப்பா, தடத்தைப் பாரு. மேலேயே அகலமா இருக்கு. பலகை ஓரத்துல ஏறுறதுக்கு முன்னாலயே திருப்புற நீ."

இரண்டு வருடமாக நான் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன். திருப்பத்தின் கடைசியில் பலகை படபடவென்று துள்ளும்போது பின்னால் உட்கார்ந்து இன்னும் அழுத்துவேன். இடுப்பு வெளியே போகும், பலகை இன்னும் துள்ளும். நோயோ தொடக்கத்தில் இருந்தது.

அப்புறம் செய்த மாற்றங்கள் மூன்று. விரல் பக்கத் திருப்பம் முடியும்போது எழுந்து நிற்காமல், கால்களைத் தளர்த்தி மடக்கி, பலகை எனக்குக் கீழே கடந்து போக விட்டேன். பூட்டுக்குள் கால்விரல்களை மேலே தூக்கி, பின் முழங்காலை முன் முழங்காலை நோக்கித் தள்ளினேன். நெஞ்சும் பார்வையும் பலகையின் மூக்குப் பக்கம், அதாவது முன்நுனியை நோக்கி. இவ்வளவையும் செய்துவிட்டுத் திருப்பாமல் காத்திருக்க வேண்டும். அந்த அரை நொடி வயிறு கலங்கும், ஏனென்றால் மூக்கு நேராகப் பள்ளத்தை நோக்கி இருக்கும். ஆனால் ஓரம் ஏற்கெனவே பனிக்குள் இருக்கும். பலகை தானே திரும்பும்.

எவ்வளவு திரும்பும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பலகையின் ஓர வளைவின் ஆரத்தை, பலகையைச் சாய்க்கும் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் திருப்பத்தின் ஆரம் ஏறக்குறைய வரும். என் பலகையின் ஓர வளைவு ஆரம் 11 மீட்டர். 45 டிகிரி சாய்த்தால் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 60 டிகிரி என்றால் ஐந்தரை. நம் ஊர்ப் பேருந்தின் பாதி நீளத்துக்கும் குறைவான ஆரம். காலால் முறுக்கித் திருப்ப வேண்டிய தேவையே இல்லை என்று இந்தக் கணக்குதான் என்னை நம்பவைத்தது.

நான்காம் நாள் காலை, ஒன்பது மணி இருக்கும். லிஃப்டில் மேலே போய்க்கொண்டிருந்தபோது மச்சான் கீழே கையைக் காட்டினான். "மாப்ள, அது உன்னோடதுதான்." வரிவரியான பனியின் மேல் பதினான்கு வளைவுகள். ஏழு விரல் பக்கம், ஏழு குதிகால் பக்கம். எது எந்தப் பக்கம் என்று தடத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. ஸ்கீக்காரர்கள் இருவர் அதன் குறுக்கே இறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மதியம் பேருந்து பிடித்து யோகோதேயாமா மலைக்குப் போனோம். ஏறத்தாழ 2300 மீட்டர் உயரத்தில், மலை உச்சியில் ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. சூடான ரொட்டியைப் பிய்த்து, அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிச் சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டோம். தங்கைதான் பாட்டிலை வழித்து முடித்தார்.

செங்குத்தான சரிவில் இன்னும் பெருக்கல்தான். அங்கே வேகம் ஏறியதும் காத்திருக்க மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு திருப்பத்தையும் மலையின் மேல்பக்கம் ஏறும்வரை முடித்து வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார் அண்ணன். அதற்கு இன்னும் அகலமான சரிவும் ஆளில்லாத நேரமும் வேண்டும். பலகை துடைத்து மெழுகு பூசிக் கூடத்து மூலையில் நிற்கிறது. அடுத்த ஜனவரிக்கு விமானச் சீட்டு பார்க்கும் வேலை மச்சானுடையது. படிக்கட்டைத் திங்கட்கிழமை மறுபடி தொடங்கிவிட்டேன்.