காப்பித் தோட்டமும் யோபுவின் குமாரத்திகளும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சபை மூப்பர் காத்திருக்கிறார். "அழியாததும் மாசற்றதும் வாடாததுமாகிய சுதந்தரம் பரலோகத்தில் நமக்கு இருக்கிறதே அம்மா! அப்பா விட்டுப்போன 90 சென்ட் நிலத்துக்காகக் கூடப்பிறந்தவரோடு மனத்தாங்கல் எதற்கு?" அண்ணன் சொல்லி அனுப்பியது முகத்திலேயே தெரிந்தது. சுதந்தரம் என்றால் வேத வழக்கில் வாரிசுச் சொத்து. அப்போஸ்தலன் பேதுரு அந்த வசனத்தை எழுதியது உபத்திரவத்தில் இருந்தவர்களைத் தேற்றுவதற்கு. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்குவதற்கு அல்ல. அதே வசனத்தை அண்ணனிடம் சொல்ல மூப்பருக்கு ஏன் தோன்றவில்லையோ!

ஜனவரி 8

அப்பா உயில் எழுதவில்லை. ஆகவே கிறிஸ்தவர்களான எங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. எங்கள் கணக்கில் அம்மா, அண்ணன், நான், ஆளுக்கு 30 சென்ட்.

திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்தச் சமபங்கு கிடைக்க, மேரி ராய் என்ற கேரளப் பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 1986இல். அதுவரை அங்கே மகளுக்கு மகனின் பங்கில் கால் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. எங்கள் சேலத்தில் சட்டம் அப்படித் தடுக்கவில்லை. மகளுக்குப் பங்கை மறுக்க 'சீர் செய்துதானே அனுப்பினோம்' என்ற ஒரே வார்த்தை போதுமானதாக இருந்தது.

ஜனவரி 15

பொங்கல் கூட்டம். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் நின்றபடியே. தோட்டத்தில் பழம் பறிப்பு பாதி முடிந்திருந்தது. களத்தில் காயும் காப்பியை அம்மா காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார். கறுத்த காயை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு வெயில் வேண்டும்" என்றார். கீழ்க்கோடியில் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளைக் காட்டுமாடுகள் இழுத்துப் போட்டிருந்தன.

சாப்பாட்டுக்குப் பின் அண்ணன் பத்திர நகலை எடுத்தார். நான் வேதாகமத்தில் எண்ணாகமம் 27ஐ எடுத்தேன். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளும் மோசேயிடம் தகப்பனின் காணியாட்சியில், அதாவது நிலத்தில், பங்கு கேட்க, அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொன்ன இடம்.

அண்ணன் வேதம் தெரிந்தவர், சும்மா விடுவாரா? "அவர்களுக்கு அண்ணன் தம்பி இல்லை கண்ணு. உனக்குத்தான் நான் இருக்கிறேனே."

"யோபுவின் மகள்களுக்கு ஏழு சகோதரர் இருந்தார்கள் அண்ணா. எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் மூவருக்கும் அவர்கள் நடுவிலேயே பங்கு கொடுத்தார் யோபு."

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

ஜனவரி 16

லூக்கா 12 என்னையும் விடுவதாயில்லை. தன் சகோதரனிடம் பாகம் பிரித்துத்தரச் சொல்லும்படி கேட்டவனிடம், என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று கேட்டுவிட்டு, பொருளாசையைக் குறித்து எச்சரிக்கிறார் இயேசு. அந்த எச்சரிக்கை, பாகம் கேட்டவனுக்கு மட்டும் என்று நான் வாசிக்கவில்லை. பங்கைக் கொடுக்காமல் வைத்திருந்த சகோதரனும் அதற்குள் வருகிறான். பரலோகச் சுதந்தரத்தை நம்புகிறவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம், அது அழகு. அடுத்தவர் பங்கை விடச் சொல்ல அந்த நம்பிக்கை எப்படி உதவும்?

ஒன்று மட்டும் எனக்கும் உறைத்தது. லேவியராகமம் 25இன்படி நிலம் கர்த்தருடையது, நாம் அவரிடம் தங்கியிருக்கும் புறக்குடிகள். அம்மா களத்தில் நிற்கும்போது என் 30 சென்டை வேலி போட்டுப் பிரிக்க எனக்கு மனமில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். விடுதலைப் பத்திரம் கிடையாது. பட்டா மூவர் பெயரிலும் இருக்கட்டும். அம்மா இருக்கும்வரை காப்பி, மிளகு வருமானம் முழுவதும் அம்மாவுக்கு. எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியானால் காட்டுமாட்டுக்கு வேலி போடும் செலவில் பாதி உன்னுடையது."

"சரி அண்ணா, கம்பி என்ன விலை என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றேன்.