பத்துக்கு எத்தனை?

வலி மருத்துவப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில், டாக்டரைப் பார்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுக் குறிப்பதுதான் என் வேலை. ஏழு, எட்டு என்பார்கள். ஒரு பெரியவர் "பதினொண்ணு" என்றார், நான் பத்து என்று எழுதினேன். போன மாதமும் எட்டு, இந்த மாதமும் எட்டு என்றால் டாக்டர்தான் என்ன செய்வார்? மாத்திரையைக் கூட்டுவார், இல்லாவிட்டால் மாற்றுவார்.

ஐந்து வருட இடுப்பு வலியோடு ஒரு அம்மா வருவார். தலை வாரி, தேய்த்த உடுப்போடு, சிரித்த முகமாக. "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால் "பரவாயில்லை டாக்டர்". சீட்டில் 'முன்னேற்றம்' என்று விழும். அப்புறம் என் அறைக்கு வந்து, உட்கார முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டு சொல்வார்: இங்கே வருவதற்காக இரண்டு நாள் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்தேன், நாளைக்கு எழுந்திருக்கவே முடியாது என்று. டாக்டர் பார்த்தது அந்த ஒரு நாளை மட்டும். இதை ஏம்மா உள்ளே சொல்லவில்லை என்றால், "புலம்புறேன்னு நினைச்சுட்டா?"

இன்னொரு தொல்லை ஸ்கேன். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்பு டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஆக, படத்தில் தேய்மானம் தெரிவதாலேயே வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக ஆகாது, படம் சுத்தமாக இருப்பதால் வலி இல்லை என்றும் ஆகாது. ஆனால் "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை" என்று டாக்டர் நல்ல செய்தியாகச் சொல்வது, எதிரே இருப்பவர் காதில் 'நீ பொய் சொல்கிறாய்' என்றுதான் விழுகிறது. அந்த முகம் சுருங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மாத்திரையிலும் இதே கதைதான். நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுவார்கள். நோயாளிகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அது மனச்சோர்வுக்கான மருந்து என்று இருக்கும். எனக்கென்ன பைத்தியமா என்று அன்றே நிறுத்திவிடுவார்கள், டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள், வலி குறையவில்லையே என்று அவர் அடுத்த முறை அளவைக் கூட்டுவார். வலிக்கும் அந்த மருந்து வேலை செய்யும் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதைக் குற்றமாகவே சொல்கிறேன்.

எண்ணை இப்போதும் குறிக்கிறேன், படிவம் கேட்கிறதே. பக்கத்தில் வேறு இரண்டும் எழுதுகிறேன்: எது முடியவில்லை, வலி எப்படி இருக்கிறது. குடையுது, கடுக்குது, சுரீர்னு இழுக்குது, எரியுது, மரத்துப் போகுது என்று நம்மிடம் இல்லாத சொல்லா? கடுப்பு என்றால் பெரும்பாலும் தசைப் பக்கம் யோசிக்கலாம், எரிச்சலும் மரமரப்பும் என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். எட்டு என்ற எண்ணில் இது எதுவும் தெரியாது.

அந்த அம்மாவையும் எழுதி வரச் சொன்னேன். அடுத்த முறை ஒரு துண்டுச் சீட்டு நீட்டினார். பாத்திரம் கழுவ நின்றால் 7 நிமிடம். ராத்திரி 3 முறை விழிப்பு. வலது காலில் சுண்டுவிரல் வரை எரிச்சல். டாக்டர் அதைப் படித்துவிட்டு ஸ்கேன் உறையை ஓரமாக வைத்தார், செருப்பைக் கழற்றச் சொன்னார், நரம்பைச் சோதிக்கும் சின்னச் சுத்தியலால் கணுக்காலுக்குப் பின்னால் தட்டினார், நுனிக்காலில் நிற்கச் சொன்னார். இடது கால் நின்றது, வலது கால் நிற்கவில்லை.

"இதை இதுவரைக்கும் யாரும் தட்டிப் பார்த்ததே இல்லை டாக்டர்" என்றார் அந்த அம்மா.