இரண்டு விரல் இடைவெளி

கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது மீனைப் பற்றி எனக்குத் தெரிந்தது குழம்பு மட்டும்தான். முதல் ஆறு மாதம் தொட்டி கழுவுவதும், பாலித்தீன் பையில் மீனை விட்டு ஆக்சிஜன் அடித்து ரப்பர் பேண்ட் சுற்றுவதுமாகப் போனது. அப்புறம் முதலாளி ஒரு பழைய வண்டியும் பக்கெட்டும் தண்ணீர் உறிஞ்சும் ட்யூபும் கொடுத்து வீடுகளுக்கு சர்வீஸுக்கு அனுப்பினார். இன்றைக்கு அதே வேலையைத் தனியாகச் செய்கிறேன். கடை வைக்கவில்லை, வைக்கிற எண்ணமும் இல்லை.

இத்தனை வருஷத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி: “தம்பி, தொட்டிக்கு மூடி வேணுமா, வேணாமா?”

கடையில் இருந்த காலத்தில் இதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. மூடி ஸ்டாக் இருந்தால், “கட்டாயம் வேணும் சார், இல்லேன்னா மீன் குதிச்சிடும்.” ஸ்டாக் இல்லாவிட்டால், “எதுக்கும்மா, காத்தோட்டமா இருக்கட்டும்.” இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்வேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்ததால் மனசு உறுத்தியதில்லை.

நங்கநல்லூரில் ஒரு சார் இருந்தார். மாயவரம் பக்கத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் தனி ஆள். ஹாலில் மூன்றடித் தொட்டி. அதில் ஒரு ரோப் ஃபிஷ் வைத்திருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மீன். பார்க்கப் பாம்புக்குட்டி மாதிரி இருக்கும். பகலெல்லாம் மரக்கட்டைக்கு அடியில் சுருண்டு கிடந்துவிட்டு, விளக்கணைத்த பிறகு உலாவக் கிளம்பும். சார் தினமும் ராத்திரி ஒரு இறால் துண்டை இடுக்கியில் பிடித்து நீட்டுவார். அது மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து வாங்கிக்கொள்ளும். அதற்குக் கண் பார்வை அவ்வளவு போதாது, மூக்குதான் எல்லாம்.

ஒரு நாள் அந்தத் தொட்டியின் பழைய ஃபில்டரை எடுத்துவிட்டு, விளிம்பில் மாட்டுகிற புதிய ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினேன். அதன் வாய் கொஞ்சம் அகலம். கண்ணாடி மூடி முழுசாக உட்காரவில்லை. ஓரத்தில் இரண்டு விரல் அளவு இடைவெளி. “அடுத்த வாரம் கண்ணாடியை வெட்டி எடுத்துட்டு வரேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு விரல் இடைவெளியில் எது வெளியே வரப் போகிறது என்று நினைத்தேன். குதிக்கிற மீனைப் பற்றித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஏறி வழிந்து போகிற மீனைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் காலையில் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். ஹாலைக் கடந்து சமையலறை வாசல்வரை வந்திருந்தது. உடம்பெல்லாம் தூசி, எறும்பு.

சார் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ராத்திரி எத்தனை மணிக்கு வெளிய வந்திருக்கும் தம்பி?” என்று கேட்டார்.

எனக்கு அது ஏன் என்று புரியவில்லை. அவரே சொன்னார்: “ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். லைட் போடல.”

ரோப் ஃபிஷ்ஷுக்குக் காற்றையே சுவாசிக்கிற உறுப்பு உண்டு. உடம்பில் ஈரம் இருக்கிறவரை தண்ணீருக்கு வெளியே வெகு நேரம் தாங்கும். அதாவது இரண்டு மணிக்கு அவர் அந்த வழியாக நடந்தபோது அது உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்திருக்கலாம். எடுத்துத் தொட்டியில் விட்டிருந்தால் பிழைத்தும் இருக்கலாம். இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்ததால்தான் கேட்டார். “விடியக்காலைலதான் சார் வந்திருக்கும்” என்றேன். மூடி விஷயத்தில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் வியாபாரத்துக்காகச் சொல்லாதது.

அன்றைக்கு அவர் காபி போட்டுக்கொடுத்துவிட்டுப் பனையேறிக் கெண்டையைப் பற்றிப் பேசினார். அவர் ஊரில் புது மழைக்கு அது குளத்தைவிட்டு வெளியே வந்து வரப்பில் தத்தித் தத்தி நடக்குமாம். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர், அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்தேன் என்று எழுதியது 1797-இல் வெளியாகியிருக்கிறது என்பதைப் பின்னால் படித்தேன். ஏறியதா, ஏதாவது பறவை கொண்டுபோய்ப் போட்டதா என்று இன்றும் பேசுகிறார்கள். தரையில் நடக்கும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. சார் சொன்னது இது: “அது ஒரு குளத்துலேர்ந்து இன்னொரு குளத்துக்குப் போவும் தம்பி. இதுக்குப் போக எங்க இடம்?”

அதற்குப் பிறகு மூடி பற்றி யார் கேட்டாலும் உடனே பதில் சொல்வதை விட்டுவிட்டேன். உள்ளே என்ன மீன் என்று முதலில் கேட்பேன். அரவானா என்றால் பேச்சே இல்லை. அமேசானில் தண்ணீருக்கு மேலே இருக்கிற கிளையிலிருந்து பூச்சியை எகிறிப் பிடிக்கிற ஜாதி அது. அதற்குக் கண்ணாடி மூடி மட்டும் போதாது, முட்டித் தள்ளிவிடும், மேலே எடை வைக்க வேண்டும். ஒரு வீட்டில் பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டை வைத்திருந்தார்கள், அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த கடைசி உத்தியோகம். (அரவானா செத்தால் வீட்டுக்கு வந்த கண்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு போனது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். என் வேலையை அந்த நம்பிக்கை இரண்டு மூன்று முறை காப்பாற்றியிருக்கிறது, அதனால் நான் அதை மறுத்துப் பேசுவதில்லை.) விலாங்கு மாதிரி நீளமாக இருப்பது எதுவானாலும் ஓட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கோல்ட் ஃபிஷ் பெரும்பாலும் குதிக்காது. கப்பி எப்போதாவது. ஃபைட்டர் குதிக்கும், அதோடு மேலே வந்து காற்றைக் குடிக்கும், ஆகவே மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் இடம் விட வேண்டும். எந்த மீனும் புதுத் தொட்டிக்கு வந்த முதல் சில ராத்திரிகளில்தான் அதிகம் குதிக்கும். வந்து பல மாதம் ஆனது திடீரென்று குதித்தால் மூடியைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள் என்பேன். அழுக்குத் தண்ணீரிலிருந்தும் துரத்துகிற மீனிடமிருந்தும் தப்பிக்கத்தான் பாதி மீன்கள் வெளியே வருகின்றன.

“மூடினா மூச்சு முட்டாதா?” என்று கேட்காத வீடு இல்லை. முட்டாது. எந்த மூடியும் குக்கர் மாதிரி இறுகி உட்காருவதில்லை. காற்று போய் வரப் பொட்டு இடம் போதும். தண்ணீரின் மேல்பரப்பு அசைந்துகொண்டிருக்கிறதா என்பதுதான் விஷயம், ஆக்சிஜன் இறங்குவதும் கரியமில வாயு வெளியேறுவதும் அங்கேதான். மூடாமல், அசைவும் இல்லாமல், மேலே எண்ணெய்ப் படலம் கட்டிக் கிடக்கிற தொட்டியில்தான் மீன் வாயைத் திறந்து திறந்து மூடும்.

ஆனால் மூடிக்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு. அதைச் சொல்லிக் கொடுத்தது கத்திரி வெயில்.

விருகம்பாக்கத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கிற ஒரு வீடு. செடி வைத்த தொட்டி, கிட்டத்தட்ட 190 லிட்டர். மே மாதம் மதியம் தெர்மாமீட்டர் 33 டிகிரி காட்டியது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் பிடிக்கும் என்றால் 32-இல் 7.3தான். மீனுக்கோ சூட்டில் அதிகம் தேவைப்படும். வரவும் குறைந்து செலவும் கூடினால் எந்தக் குடும்பம் தாங்கும்? மூடியை எடுத்துவிட்டு, மேசை விசிறி ஒன்றைத் தண்ணீர் மேல் காற்று படும்படி வைத்தோம். இரண்டு நாளில் 30-க்கு இறங்கியது. மண்பானைக் கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 580 கிலோகலோரி சூடு வேண்டும், அதைத் தொட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அந்தத் தொட்டிக்கு அது 3 டிகிரி. அறை மறுபடி மறுபடி சூடேற்றுவதால் அத்தனையும் கையில் நிற்காது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தோடு வந்துவிட்டால் விசிறிக்கு வேலை பாதியாகிவிடும். சென்னையில் அது ஒரு தொல்லை.

இன்னொரு தொல்லையை அந்த வீட்டு அம்மா ஜூன் மாதம் கண்டுபிடித்தார். தினமும் இறங்கிய தண்ணீருக்கு அவர் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கும். ரசம் சுண்டினால் உப்பு தூக்கலாவதுபோல. கண்ணாடி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தது, கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை வைத்தால் ஏறிப்போய் நின்றது. இறங்கிய அளவுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றச் சொல்லியிருக்க வேண்டும். மூடியைத் திறக்கச் சொன்னவன் நான், அதைச் சொல்ல மறந்தவனும் நான்.

ஏசி அறையில் இந்தக் கணக்கே திரும்பிவிடும். அங்கே காற்று வறண்டது. திறந்த தொட்டி தண்ணீரையும் சூட்டையும் இழந்துகொண்டே இருக்கும். ஆபீஸ் ரிசப்ஷனில் ஃபைட்டர் வைக்கிறவர்களுக்கு மூடி போடச் சொல்வது அதனால்தான்.

ஜப்பானியர் தகாஷி அமானோ காட்டிய மாதிரியான செடித் தொட்டிகளுக்கு மவுசு வந்த பிறகு, விளிம்பே இல்லாத திறந்த கண்ணாடித் தொட்டிதான் அழகு என்று ஆகிவிட்டது. அழகுதான், மறுக்க முடியாது. போட்டோவில் அந்தத் தொட்டிக்கு மேல் பல்லி இருக்காது, மூன்று வயதுப் பிள்ளை பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காது, பக்கத்து வீட்டுப் பூனையும் வராது. அந்த மாதிரி வீடுகளுக்குக் கொசுவலைத் துணியை அலுமினியச் சட்டத்தில் கட்டிக் கொடுக்கிறேன். காற்று போகும், வெளிச்சம் போகும், மீன் போகாது. அக்ரிலிக் தட்டு வேண்டாம், கீழ்ப்பக்கம் ஈரம் ஏறிச் சில மாதத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

மூடியை நம்பி ஏமாந்த கதையும் ஒன்று இருக்கிறது. அண்ணா நகரில் ஒரு பல் மருத்துவமனை. சனிக்கிழமை மாலை கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்கப் போகிறோம் என்று போன் செய்து கேட்டார்கள். “மூடியை நல்லா போட்டுடுங்க, போதும்” என்றேன். திங்கள் காலையில் ஒன்றுகூட மிச்சமில்லை. மூடி ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. ஏர் பம்ப் கீழே அலமாரிக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, அறையில் இருந்த மருந்துக் காற்றை உறிஞ்சி ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் அனுப்பியிருக்கிறது. பைரித்ராய்டு வகை மருந்து நமக்குத் தும்மல் வரவைக்கிற அளவே மீனுக்கு எமன். கொசுவுக்குப் பிளக்கில் செருகுகிற மருந்தும் அந்த வம்சம்தான். இப்போதெல்லாம் மருந்தடிப்பதற்கு முன் பம்பை நிறுத்தி, மூடிக்கு மேல் ஈரத்துணி போட்டு, மணிக்கணக்கில் ஜன்னலைத் திறந்து வைத்த பிறகுதான் பம்பைப் போடச் சொல்கிறேன். மருத்துவமனையில் மீனுக்குப் பணம் வாங்கவில்லை. அவர்களும் மறுபடி என்னைக் கூப்பிடவில்லை.

நங்கநல்லூர் சார் மட்டும் கூப்பிட்டார், எட்டு மாதம் கழித்து. தொட்டி காலியாகவே இருந்தது. கப்பி பத்து போதும் என்றார். மூடி அவ்வளவாகத் தேவையில்லாத மீன்தான், சொல்லவும் செய்தேன். அவர் கேட்கவில்லை. நானே அளவெடுத்து, 5 மில்லிமீட்டர் கண்ணாடியை ஃபில்டர் வாய்க்குத் தகுந்தபடி வெட்டி, ஓரத்தில் மிஞ்சிய சந்தில் ஸ்பாஞ்சைத் திணித்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறை சர்வீஸ் முடிந்து நான் பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போதும் சார் போய் அந்த ஸ்பாஞ்சை ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பார். எதுவும் சொல்ல மாட்டார். போன மாதம் போனபோது பழைய மஞ்சள் ஸ்பாஞ்சுக்குப் பதில் புதிதாக ஒரு பச்சை ஸ்பாஞ்ச் இருந்தது. பாத்திரம் தேய்க்கிறது, அவரே கத்தரித்து வைத்திருக்கிறார். சோப்புப் போட்ட ஸ்பாஞ்ச் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். “புதுசுதான் தம்பி, மூணு நாள் தண்ணில ஊறப் போட்டேன்” என்றார்.