65பி எந்தச் சட்டத்தில்? ஓர் அரியர் கதை

ரிசல்ட் நேற்று சாயங்காலம் வந்தது. ஐபிஆர் (அறிவுசார் சொத்துரிமை) பேப்பரில் 58. இதெல்லாம் ஒரு மார்க்கா என்பீர்கள். போன தடவை 37. அதற்கு ஒரே ஒரு பிராப்ளம் கேள்விதான் காரணம் என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்.

திருட்டு இணையதளத்தில் படம் ஏறிவிட்டது. தயாரிப்பாளர் போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டின் பிரிண்ட் அவுட்டோடு சிவில் வழக்குப் போடுகிறார். சாட்சியமாக எடுபடுமா? 'பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 65பி சான்றிதழ்' என்று மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். வெளியே வந்து பேர் ஆக்டை (உரையில்லாத வெறும் சட்டப் புத்தகம்) புரட்டினால் வயிற்றைக் கலக்கியது. அந்தச் சட்டத்திலும் ஒரு 65பி உண்டு, 2012 திருத்தத்தில் வந்தது. உரிமை மேலாண்மைத் தகவலை (படைப்பின் உரிமையாளர் யார் என்பது போன்ற விவரம்) அழித்தால் தண்டனை என்கிறது. சான்றிதழுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் நினைத்தது 1872 சாட்சியச் சட்டத்தின் 65பி, மின்னணுப் பதிவின் பிரதியைச் சாட்சியமாக்கச் சான்றிதழ் கேட்கும் பிரிவு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 63. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஓ மீறலுக்கான தண்டனை!

எண்ணுக்கு முன்னால் சட்டத்தின் பெயரை எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

- தேதி: புதிய சாட்சியச் சட்டம் அமலான 1.7.2024-இல் நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சட்டம்.
- புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்றிதழில் பகுதி ஏ, பகுதி பி. பி-யில் நிபுணர் கையெழுத்து. ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எழுத்து-எண் கோவை) இரண்டிலும்.
- சான்றிதழ் கட்டாயமா என்பதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்: அன்வர் 2014, ஷஃபி முகமது 2018, அர்ஜுன் பண்டித்ராவ் 2020. கடைசியது நடுவில் இருப்பதைத் தூக்கிவிட்டது.
- தளம் நடத்துபவர் யாரென்று தெரியாவிட்டால் பிரதிவாதி 'அசோக் குமார்'. பாவம் அந்தப் பெயர்க்காரர்கள்.

அர்ஜுன் பண்டித்ராவை மட்டும் கதையாகப் படியுங்கள். மகாராஷ்டிராவின் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கு. வேட்புமனு நேரத்துக்குள் வந்ததா என்பதற்குத் தேர்தல் அலுவலக வீடியோ. கேட்டுக் கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. முடிந்ததெல்லாம் செய்து பார்த்தவரை அந்த நிபந்தனையிலிருந்து விடலாம் என்றது உச்ச நீதிமன்றம். சர்வர் பதிவுக்குச் சான்றிதழ் தர மறுக்கும் ஹோஸ்டிங் கம்பெனி கேள்வியில் வந்தால் இதைத்தான் பொருத்த வேண்டும். அசல் போனையே உரிமையாளர் கூண்டேறிக் காட்டினால் சான்றிதழே வேண்டாம் என்பதும் இதே தீர்ப்பு.

ஹாஷ் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. கைடுகளைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். லேப்டாப்பில் இரண்டுக்கும் எஸ்எச்ஏ256 என்ற முறையில் ஹாஷ் போட்டேன். கண்ணுக்கு ஒரே படம். ஹாஷ் முதல் எழுத்திலிருந்தே வேறு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிட்டது. அதையே டாக்குமென்டாக அனுப்பினேன், அச்சு அசலாகப் பொருந்தியது. இந்தத் தடவை பேப்பரில் அதை அப்படியே எழுதினேன்.