கொலம்பஸ் கப்பலில் ஒரு கோடை

மே 1, 2025, வியாழன்

எங்கள் பார்க் பத்தரைக்குத்தான் திறக்கும். நாங்கள் எட்டரைக்கே ரைடில் இருக்க வேண்டும். கொலம்பஸ் கப்பலில் எனக்கு இது இரண்டாவது கோடை. ஆபரேட்டர் அண்ணன் கேபினில் நிற்பார். ஆட்களை உட்கார வைப்பது, லாக் பார்ப்பது, இறக்கிவிடுவது எல்லாம் என் வேலை.

காலையில் முதலில் ஆளில்லாமல் கப்பலை ஆட்டிப் பார்ப்போம். கீழே மோட்டாரோடு ஒரு டயர் இருக்கிறது. கப்பலின் அடிப்பாகம் அதை உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் டயர் ஒரு தள்ளு தள்ளும். தூளியை ஆட்டுகிற கை மாதிரிதான். நிறுத்துவதும் அதே டயர்தான். அதனால் பட்டனை அழுத்திய உடனே கப்பல் நிற்காது, சில ஆட்டம் ஆடித்தான் அடங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

அப்புறம் ஒவ்வொரு வரிசையாக உட்கார்ந்து, மடிக்கம்பியை இறக்கிப் பார்ப்பேன். முழுதாக இறங்க ஆறு 'டக்' கேட்க வேண்டும். இன்று நாலாவது வரிசையில் ஐந்துதான் கேட்டது. மேலே இழுத்தால் லாக்கில் ஒரு பல் நழுவுகிறது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் அப்படித்தான். செக் லிஸ்டில் எழுதிக் கொடுத்தேன். உதிரி பாகம் வர நாளாகும் என்றார்கள். அண்ணன் ஒன்றும் பேசாமல் நைலான் கயிறு எடுத்துவந்து அந்த வரிசையைக் கட்டி மூடினார்.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. மடிக்கம்பியில் கை வைக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் ஆள் ஏற்றினேன். துணி காய எவ்வளவு நேரம் ஆகிறது என்கிறீர்கள், அடுத்த வரிசைக்குப் போவதற்குள் காய்ந்துவிடுகிறது.

பிற்பகலில் நல்ல பருமனான ஒருவர் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒல்லியாக அவர் மகள். உயரக்கோலில் சரியாகத்தான் இருந்தாள். ஆனால் ஒரு வரிசைக்கு ஒரே கம்பி. அப்பாவின் மடியில் இடித்ததும் அது நின்றுவிட்டது. மகளின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே என் கை முழுசாகப் போய் வருகிறது. கப்பல் உச்சிக்குப் போகிறபோது உடம்பு இருக்கையை விட்டு லேசாக எழும்பும். அந்த இடைவெளியில் குழந்தை எழும்பினால்?

"சார், பாப்பாவை அந்த அக்காங்க வரிசைல உட்கார வைக்கிறேன்" என்றேன். "என் பொண்ணை நான் பிடிச்சுக்க மாட்டேனா?" என்று கத்தினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பெற்ற பாசம். ஆனால் அந்த வேகத்தில் எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. நான் கட்டை விரலைத் தூக்கவே இல்லை. நான் தூக்காமல் அண்ணன் பட்டனைத் தொட மாட்டார். கடைசியில் பிள்ளை தானாகவே எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே கம்பி அவள் மடியில் படிந்தது. இறங்கும்போது கை ஆட்டிவிட்டுப் போனாள்.

மே 11, ஞாயிறு

வரிசை குடை ராட்டினம் வரைக்கும் நின்றது. சூப்பர்வைசர் வந்து நாலாவது வரிசையைத் திறக்கச் சொன்னார். "ஒரு பல்லுதானே, மீதி அஞ்சு பிடிக்குதே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணன் கேபினை விட்டு இறங்கிவந்து, "நீங்க அதுல ஒரு ரவுண்டு உட்காருங்க சார், அப்புறம் திறக்கிறேன்" என்றார். சூப்பர்வைசர் போய்விட்டார், கயிறு அப்படியே இருந்தது.

மாலை திடீரென்று மழை. டயர் நனைந்தால் பிடிமானம் போய்விடும், கப்பல் எங்கள் சொல் கேட்காது. உடனே நிறுத்தினோம். வெகு நேரம் காத்திருந்தவர்களிடம் இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் குரல் போய்விட்டது.

மே 17, சனி

இன்னும் கை நடுங்குகிறது. கப்பல் முழு வீச்சில் ஆடும்போது ஒரு பையனின் செருப்பு கழன்று உள்ளே விழுந்தது. வெளியே நின்ற அவன் நண்பன் அதை எடுக்க வேலியில் ஏறிவிட்டான். ஒரு கால் உள்ளே. நான் விசில் ஊதிக்கொண்டே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் வெளிப்பக்கமாக விழுந்தோம். என் முழங்கை சிராய்த்துவிட்டது. அண்ணன் அப்போதே பட்டனை அழுத்திவிட்டார், ஆனாலும் கப்பல் அதன் பிறகும் அந்த இடத்தைக் கடந்து கடந்து போனது.

பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். திட்ட வாய் வரவில்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். நாளை முதல் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

மே 25, ஞாயிறு

பேரப்பிள்ளைகளோடு ஓர் ஆயா வந்தார். பி.பி., இதயக் கோளாறு, முதுகுவலி ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல கண்ணு, நாத்து நட்ட உடம்பு" என்றார். ஓரங்கள்தான் அதிக உயரம் போகும் என்பதால் நடு வரிசையில் உட்கார வைத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிவிட்டேன். கப்பல் ஆட ஆடச் சிரித்துக்கொண்டே இருந்தார். இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எறும்பு மாதிரி தெரியுறீங்கடி எல்லாரும்" என்றார். ரொம்ப நேரம் கையை விடவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பார்க்கில் காற்றுதான் இருக்கிறது. காலையில் பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்து நாலாவது வரிசையின் லாக்கைக் கழற்றினார்கள். பழைய பல்லை என் கையில் வாங்கிப் பார்த்தேன், முனை மழுங்கிப் போயிருந்தது. புதியதை மாட்டியதும் அண்ணன் கயிற்றை அவிழ்த்து, "நீயே பாரு" என்றார்.

உட்கார்ந்து கம்பியை இறக்கினேன். ஆறு. மேலே இழுத்தேன், அசையவில்லை. மூன்று முறை பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கினேன்.